எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்கு முடியும்?

ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. சைனாடவுனில் ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, சவுத் பிரிட்ஜ் ரோட்டு ஓரத்தில் காலணி மாட்டிக்கொண்டிருந்தோம். என்னுடன் வந்தவர் என் தோழியின் அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கிப் போக வந்திருந்தார். அன்ரி என்றுதான் கூப்பிடுவேன்.

திடீரென்று வானம் கிழிந்ததுபோல் ஒரு சத்தம். போர் விமானங்கள் மெரினா பே பக்கமாகப் பாய்ந்து போயின. தேசிய தின அணிவகுப்புக்கான ஒத்திகை. தெருவில் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள், சுற்றுப்பயணிகள் கைப்பேசியைத் தூக்கினார்கள். அன்ரி மட்டும் என் தோளை அழுத்திச் சுவரோடு சாய்த்து, "குந்து பிள்ளை, குந்து!" என்றார். சொல்லும்போதே அவரும் குந்திவிட்டார். கையிலிருந்த குங்குமப் பொட்டலம் தரையில் சிந்திக் கிடந்தது.

சில விநாடிதான். பிறகு எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, வெட்கமாகச் சிரித்தார். "பழக்கம் பிள்ளை. பொம்பர் வந்தால் பங்கருக்கை ஓடிப் பழகின உடம்பு." 1995 இடப்பெயர்வில் வன்னிக்குப் போனவர். கிபிர் விமானங்கள் இலங்கை ஆகாயப் படைக்கு வந்தது 1996-இல். அதன் பிறகான அவருடைய பல இரவுகளை அந்தச் சத்தம்தான் ஆண்டிருக்கிறது.

இது ஒத்திகைதான், ஆகஸ்ட் 9 வரை சனிக்கிழமைகளில் இப்படி இருக்கும் என்று விளக்கினேன். அவர் கேட்ட அடுத்த கேள்வி எனக்கு இன்னும் மறக்கவில்லை. "முன்னமே அறிவிச்சவையோ?"

"ஆமாம் அன்ரி, நாள், நேரம் எல்லாம் முன்பே சொல்லிவிடுவார்கள்."

"அப்ப பரவாயில்லை" என்றார். அடுத்த முறை விமானங்கள் வந்தபோது, அதே அன்ரி நெற்றிக்கு மேல் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். சத்தம் ஒரு டெசிபல்கூடக் குறையவில்லை.

வானொலியில் வேலை செய்பவள் நான். சத்தமும் அமைதியும்தான் என் பிழைப்பு. அதனால் இந்த விஷயம் என்னை அதிகம் குடைந்திருக்கலாம். ஆனால், அணிவகுப்பு ஒத்திகை வருடத்தில் சில வாரங்கள்தான், அதுவும் பெரும்பாலோர் ரசிக்கும் சத்தம். நான் யோசித்தது இன்னொன்றைப் பற்றி. கைதட்ட யாரும் இல்லாத சாதாரண வார நாளில், விளக்கணைத்த பிறகு கேட்கும் சத்தம். அதாவது, இரவுப் பயிற்சி.

சில மாதங்களுக்கு முன் என் இரவு நிகழ்ச்சிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. விமானத் தளம் ஒன்றுக்குப் பக்கத்துப் பேட்டையில் இருக்கும் நேயர். கைக்குழந்தைக்காரி. குரலில் கோபம் இல்லை, களைப்புதான். "அக்கா, எட்டு மணிக்குத் தூங்க வைத்தேன், எட்டரைக்கு ஒன்று போச்சு. மறுபடி தூங்க வைத்தேன், ஒன்பதரைக்கு இன்னொன்று. பயிற்சி வேண்டாம்னு சொல்லலை. எத்தனை மணிக்கு முடியும்னு யாராவது சொன்னால், அதுக்கப்புறம் தூங்க வைப்பேன்."

என்னிடம் பதில் இல்லை. பாட்டுப் போட்டேன்.

அன்ரி கேட்டதும் அந்தத் தாய் கேட்டதும் ஒரே கேள்வி என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நாள் ஆனது.

முதலில், ஏன் இரவில் பறக்க வேண்டும் என்று பார்ப்போம். பகலில் பறந்தால் போதாதா என்று என் அம்மாகூடக் கேட்பார். மதுரைக்காரர்களுக்கு இதற்குப் பதில் சட்டென்று புரியும். 2024 அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை இரவு. மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் வெடிகுண்டு இருப்பதாக அந்நிறுவனத்துக்கு மின்னஞ்சல் மிரட்டல். நம் ஆகாயப் படையின் இரண்டு எஃப்-15எஸ்ஜி விமானங்கள் கிளம்பிப் போய், அதை மக்கள் நெருக்கமான பகுதிகளுக்கு மேலே வரவிடாமல் சுற்றி அழைத்து வந்தன. இரவு 10 மணி தாண்டிச் சில நிமிடங்களில் சாங்கியில் பத்திரமாக இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் நம் சித்தப்பாக்கள், அத்தைகள், விடுமுறை முடித்துத் திரும்பிய ஊழியர்கள். ஒரு பயணிகள் விமானத்தின் பக்கத்தில், இருட்டில், இடிக்காமல் பறக்கும் திறமை பகல் பயிற்சியில் மட்டும் வந்துவிடாது.

இருட்டில் விமானிக்கு அடிவானம் தெரியாது. தெருவிளக்கும் நட்சத்திரமும் ஒன்றுபோல் தோன்றும். தலை மேலா கீழா என்பதைக்கூட உடம்பு தப்பாகச் சொல்லும். கருவியை நம்பு, உன்னை நம்பாதே என்று பழகிப் பழகித்தான் வர வேண்டும். இரவுக்கண்ணாடி போட்டால் எல்லாம் தெரியும் என்று நாம் சினிமா பார்த்து நினைக்கிறோம். அந்தக் கண்ணாடி காட்டுவது ஏறக்குறைய 40 பாகை அகலம்தான். வெறும் கண் 180 பாகைக்கு மேலேயே பார்க்கும். குழாய் வழியாகப் பார்த்துக்கொண்டே கார் ஓட்டுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாழ்வாகப் பறப்பது எதற்கு? ரேடார் அலை நேர்கோட்டில் போகிறது, பூமியோ உருண்டை. 10,000 மீட்டர் உயரத்தில் வரும் விமானத்தைத் தரையிலுள்ள ரேடார் ஏறக்குறைய 400 கிலோமீட்டரிலேயே பிடித்துவிடலாம். அதே விமானம் 75 மீட்டர் உயரத்தில் வந்தால், 40, 50 கிலோமீட்டர் நெருங்கும்வரை பூமியின் வளைவு அதை மறைக்கும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரம் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் உலகம் முழுவதும் படைகள் தாழப் பறந்து பழகுகின்றன.

இங்கேதான் நம் ஊரின் சிக்கல். சிங்கப்பூரின் நீளமே கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நாடே மூன்று நிமிடம்தான். 75 மீட்டர் உயரம் என்பதும் இங்கே வேடிக்கை. சைனாடவுனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள பினக்கல்@டக்ஸ்டன் 50 மாடி, 150 மீட்டருக்கும் மேல். தாழப் பறக்கும் போர் விமானம் நம் வீவக வீட்டைவிடத் தாழ்வாகப் பறக்க வேண்டியிருக்கும்! அதனால் இங்கே நமக்குக் கேட்பது பெரும்பாலும் தளத்திலிருந்து ஏறும் சத்தமும் இறங்கும் சத்தமும்தான். கூடவே, வடக்கிலும் மேற்கிலும் ஹெலிகாப்டர்கள்.

1998-இல் மலேசியா தன் ஆகாயவெளியில் நம் படை விமானங்களுக்கு இருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மிஞ்சியது கடல். அதற்கும் மேலே தேவைப்படுவதற்கு வெளிநாடு. விமானிகள் பறக்கக் கற்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் தளத்தில். ஹெலிகாப்டர் பயிற்சி குவீன்ஸ்லாந்தின் ஓக்கியில். போர் விமானப் பயிற்சி பிரான்சின் காஸோவிலும், அமெரிக்காவின் ஐடஹோ, அரிஸோனா மாநிலங்களிலும். ஐடஹோவின் மவுண்டன் ஹோம் தளத்தில் நம் எஃப்-15எஸ்ஜி பிரிவு 2009 முதல் இருக்கிறது. நாம் தூங்கும் இரவுகளில் ஒரு பங்கை வேறு ஏதோ ஊர்க்காரர்கள் விழித்திருந்து நமக்குத் தருகிறார்கள். இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் நாம் புகார் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். சொல்லவே கூடாது என்பதல்ல.

உள்ளூரில் கட்டுப்பாடு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கூடியவரை கடலுக்கு மேல் பறப்பது, இரவுப் பயிற்சியை அளவோடு வைத்துக்கொள்வது, தேசியத் தேர்வு நேரங்களில் பறப்பதைக் குறைப்பது ஆகியவற்றைத் தற்காப்பு அமைச்சு நாடாளுமன்றத்தில் விளக்கியிருக்கிறது. பிஎஸ்எல்இ கேட்டல் கருத்தறிதல் எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதன் மதிப்பு தெரியும். ஒரு சொல் காதில் விழாமல் போனால் திரும்பக் கேட்க முடியாது. தென்கொரியாவில் இன்னும் ஒரு படி மேலே. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும் 35 நிமிடங்களுக்கு, அவசரம் தவிர, நாடு முழுவதும் எந்த விமானமும் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. வானத்தில் இருப்பவை காத்திருந்து வட்டமடிக்கும். தேர்வுக்காக வானத்தை நிறுத்த முடிகிறது, அதை முன்கூட்டியே அறிவிக்கவும் முடிகிறது.

அறிவிப்பு என்ற விஷயத்தில் பிரிட்டன் செய்வது எனக்குப் பிடித்திருந்தது. அங்கே போர் விமானங்கள் 250 அடி வரை, அதாவது அந்த 75 மீட்டர்வரை, தாழப் பறக்க அனுமதி உண்டு. வடக்கு ஸ்காட்லாந்து, இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லை, வேல்ஸின் நடுப்பகுதி ஆகிய மூன்று வட்டாரங்களில் 100 அடிக்கும் இறங்கலாம். ஆட்டுப்பட்டி கூரையை உரசாத குறைதான். ஆனால் அந்த மூன்று வட்டாரங்களில் எந்த நாள், எந்த நேரம் பறப்பார்கள் என்று அவர்களுடைய தற்காப்பு அமைச்சு அட்டவணை போடுகிறது. இரவில் தாழப் பறப்பதற்கும் தனியாக அறிவிப்பு. வார நாள்களில் மட்டும், பெரும்பாலும் 11 மணிக்குள் முடிந்துவிடும். புகார் சொல்லத் தனிப் பிரிவு உண்டு. விமானி விதியை மீறினாரா என்று விசாரிப்பது ஆகாயப் படையின் சொந்தக் காவல் பிரிவு.

விசாரிக்க ஆதாரம் வேண்டுமே? தரையில் நிற்பவர் கண்ணுக்கு எல்லா விமானமும் தாழ்வாகத்தான் தெரியும். அதற்காக 'ஸ்கைகார்ட்' என்ற நகரும் ரேடாரை இழுத்துக்கொண்டு போய், புகார் வரும் பகுதிகளில் வைத்து, பறக்கும் உயரத்தையும் வேகத்தையும் அளந்திருக்கிறார்கள். சாலையில் வேகக் கேமரா வைப்பதுபோல. ஜெர்மனியிலும் இதே கருவியைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள் ஒரு காலத்தில். அங்கே இந்தக் கண்டிப்பு சும்மா வரவில்லை. 1988 டிசம்பர் 8-ஆம் தேதி, ரெம்ஷைட் என்ற ஊரில், பயிற்சியில் இருந்த அமெரிக்க ஏ-10 விமானம் குடியிருப்புத் தெரு ஒன்றில் விழுந்தது. விமானியோடு சேர்த்து ஏழு பேர் இறந்தார்கள். மக்கள் எதிர்ப்பு பெருகி, 1990-இல் தாழப் பறக்கும் குறைந்தபட்ச உயரம் பொதுவாக 300 மீட்டராக உயர்த்தப்பட்டது.

அளப்பது பற்றி என் தொழில் சார்ந்து ஒன்று சொல்ல வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் எங்களுக்கு முன் இரண்டு அளவுகள் ஓடும். ஒன்று சராசரி ஒலி, இன்னொன்று உச்சம். சராசரி அழகாக இருக்கும். அதன் நடுவில் விருந்தாளி மேசையை ஒரு தட்டுத் தட்டுவார். சராசரி முள் அசையாது, கேட்பவர் காது தெறிக்கும். அதனால் இரண்டையும் பார்க்காமல் ஒலிபரப்பக் கூடாது என்று கல்லூரியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள்.

விமானச் சத்தத்துக்கான வரம்புகளில் பெரும்பாலானவை சராசரியில் எழுதப்பட்டவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, இரவில் விமானச் சத்தம் சராசரியாக 40 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஓயாமல் விமானம் இறங்கும் பயணிகள் விமான நிலையத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தும். எட்டு மணி நேர அமைதியில் இரண்டே முறை பாய்ந்து போகும் போர் விமானம் அந்தச் சராசரியில் சிறிய புள்ளிதான். ஆனால் குழந்தை எழுந்துகொள்வது சராசரிக்கு அல்ல.

இரவு வேறு நிலைமையை மோசமாக்குகிறது. சூரியன் மறைந்ததும் தரை குளிர்ந்து, மேலே காற்று சற்று வெப்பமாக இருந்தால், மேல்நோக்கிப் போகும் ஒலி வளைந்து கீழே திரும்பும். பகலில் கேட்காத தூரத்துச் சத்தம் இரவில் கேட்பது மனப்பிரமை இல்லை. மேலும், வேகமாக வரும் போர் விமானம் தன் ஒலியின் வாலைப் பிடித்தபடி வருகிறது. பேருந்துபோல் தூரத்திலிருந்து மெல்ல நெருங்காது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பிறகு முழுச் சத்தம். அன்ரியைக் குந்த வைத்தது அந்தத் திடீர்தான்.

நான் இவ்வளவும் ஒருதலையாகப் பேசுகிறேன் என்று என் தம்பி சண்டைக்கு வருவான். தேசிய சேவையில் ஆகாயப் படைத் தளம் ஒன்றில் தரைப்பணி பார்த்தவன். இரவுப் பயிற்சி வாரங்களில் வீட்டுக்கு வரமாட்டான். காதில் அடைப்பானோடு ஓடுபாதை ஓரம் நிற்பானாம். எத்தனை போயின என்று எண்ணி, அத்தனையும் திரும்பும்வரை யாரும் உட்கார மாட்டார்களாம். "அக்கா, உனக்குச் சத்தம்தான் பிரச்சினை. நாங்கள் சத்தம் எப்போ வரும்னு காத்துக்கொண்டிருப்போம்" என்றான் ஒருமுறை. 2024 மே 8-ஆம் தேதி தெங்கா தளத்தில் எஃப்-16 ஒன்று கிளம்பியதும் விழுந்து, விமானி குதித்து உயிர் தப்பியபோது அவன் அன்று முழுவதும் கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை. அவனுக்குத் தெரிந்தவர் யாரும் அதில் இல்லை. இருந்தாலும்.

பயிற்சி நேரத்தை ஊருக்கெல்லாம் சொன்னால் பாதுகாப்பு என்ன ஆவது என்று அவனிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். எந்த விமானம், என்ன பயிற்சி, எந்தப் பாதை என்பதைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது என்றான். "ஆனால், இந்த வாரம் செவ்வாய், புதன், இரவு இத்தனை மணிவரை என்று சொல்வதில் என்ன போகிறது? தளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு எப்படியும் காது இருக்கிறதே!"

அதுதான் என் கட்சியும். துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குத் தற்காப்பு அமைச்சு தேதியும் இடமும் நேரமும் குறிப்பிட்டு அறிவிப்பு கொடுக்கிறது. செய்தித்தாளில் சின்னதாக வரும், நானே வானொலியில் வாசித்திருக்கிறேன். பெரிய பயிற்சி நடக்கும்போது ஆகாயப் படையும் முன்கூட்டியே சமூக ஊடகத்தில் சொல்கிறது. சாதாரண வாரத்து இரவுக்கும் அப்படி இரண்டு வரி போதும். எந்தெந்த இரவு, எத்தனை மணிவரை. வானிலை கெட்டால் மாறும் என்பது எல்லோருக்கும் புரியும். கூடவே, தளங்களைச் சுற்றியுள்ள பேட்டைகளில் ஒலி அளவி வைத்து, சராசரியோடு உச்சத்தையும் வெளியிட்டால், "உங்களுக்குத்தான் அப்படித் தோன்றுகிறது" என்று யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியிராது.

இதை இப்போதே பழகிக்கொள்வது நல்லது என்று தோன்ற ஒரு காரணம் உண்டு. பாய லேபார் தளம் 2030களிலிருந்து இடம் மாறப் போகிறது. பிரதமராக இருந்த திரு லீ சியன் லூங் 2013 தேசிய தினப் பேரணி உரையில் அறிவித்தது அது. 2022 உரையில், அங்கே 1,50,000 வீடுகள்வரை கட்டலாம் என்றார். விமானப் பாதைக்காக விதித்த கட்டட உயரக் கட்டுப்பாடும் அந்த வட்டாரத்தில் தளரும். ஹவ்காங், பொங்கோல் பக்கத்து நண்பர்கள் இப்போதே நாள் எண்ணுகிறார்கள். ஆனால் சத்தம் காணாமல் போய்விடாது. அதன் ஒரு பங்கு சாங்கிக்கும், ஒரு பங்கு தெங்காவுக்கும் போகும். தெங்கா தளத்தை விரிவாக்க, சுவா சூ காங்கில் 80,000-க்கும் மேற்பட்ட சீன, முஸ்லிம் கல்லறைகளை அகற்ற வேண்டியிருக்கும் என்று 2017-இல் அறிவித்தார்கள். இறந்தவர்களும் இடம் கொடுக்கிறார்கள். தளத்துக்கு அடுத்தாற்போல் தெங்கா புதுநகர் வளர்ந்துகொண்டிருக்கிறது. 2023-இல் முதல் குடும்பங்கள் சாவி வாங்கின. என் நிகழ்ச்சியில் வாழ்த்துச் சொல்லச் சொன்ன புதுமணத் தம்பதிகள் சிலரும் அதில் உண்டு. அவர்கள் வீட்டிலும் தொட்டில் ஆடும்.

அந்தக் கைக்குழந்தைக்காரி மறுபடி ஒரு பதிவு அனுப்பியிருந்தார். இந்த முறை பின்னணியில் ஒரு பையனின் குரல், விடாமல் நச்சரித்துக்கொண்டு. "அக்கா, பெரியவனுக்கு விமானம் பார்க்கணுமாம். இந்தச் சனிக்கிழமை ஒத்திகை எத்தனை மணிக்கு?"

அதற்குப் பதில் இருந்தது. நேரத்தையும், எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்பதையும் அன்றிரவே வாசித்தேன்.